வலப்பக்க சீட்: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

சூலூரில் விமானப்படையின் ஏ.என்-32 சரக்கு விமானம் ஓட்டுகிறேன். வயது 44, பென்ஷனுக்கு வேண்டிய 20 வருஷ சர்வீஸ் முடிந்துவிட்டது. வீடு சேலம் அழகாபுரத்தில். பேப்பர் போட்டுவிட்டு ஏர்லைன்ஸுக்குப் போகலாமா என்று யோசனை. அம்மா, "பறந்தது போதும்டா, ஏற்காட்டுத் தோட்டத்தைப் பார்" என்கிறார். எனக்கு உறுத்துவது வேறு. விங் கமாண்டராக இருந்துவிட்டு, என்னிடம் பயிற்சி எடுத்திருக்க வேண்டிய வயதில் இருக்கிற ஒரு கேப்டன் பக்கத்தில், வலப்பக்க சீட்டில், கோ-பைலட்டாக உட்கார முடியுமா? நீங்கள் அந்த வழியில் போனவர், சொல்லுங்கள்.

ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

வாருங்கள். பயணிகள் விமானத்தை 65 வயது வரை ஓட்டலாம், 60 தாண்டினால் பக்கத்தில் இருப்பவர் 60க்குக் கீழே இருக்க வேண்டும், அவ்வளவுதான். காப்பிச் செடி அதுவரை அங்கேயேதான் நிற்கும், அம்மாவிடம் சொல்லுங்கள்.

பேப்பர் போடுவதற்கு முன்னால், சிவில் விமானத் துறையைக் கண்காணிக்கிற டி.ஜி.சி.ஏ.வின் கிளாஸ் 1 மெடிக்கலை, அதாவது பைலட்டுக்கான உடல் தகுதிச் சோதனையை, முடித்துவிடுங்கள். படையில் ஃபிட் என்பது அங்கே அப்படியே செல்லாது. லாக்புக்கில் இருக்கிற பறந்த மணிக்கணக்கையும் சர்வீஸில் இருக்கும்போதே கையெழுத்து வாங்கி வையுங்கள், வெளியே வந்தபிறகு ஒவ்வொரு கையெழுத்துக்கும் அலைய வேண்டியிருக்கும். லைசன்ஸ் பரீட்சையில் நேவிகேஷன், வானிலை உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு, ரெகுலேஷன்ஸ்தான் புதிது, 70 சதவீதம் எடுத்தால் பாஸ். இதெல்லாம் உட்கார்ந்து படித்தால் முடிகிற வேலை.

சீட் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் உட்கார்ந்துவிடுவீர்கள், எனக்குச் சந்தேகமில்லை. பக்கத்தில் இருக்கிற அந்தப் பையனை நினைத்துத்தான் எனக்குக் கவலை. ஐப்பசி மழை நாளில் ஏ.டி.ஆர். என்கிற சின்ன புரொப்பெல்லர் பயணிகள் விமானத்தில், நம்ம சேலம் ஏர்போர்ட் இருக்கிற காமலாபுரத்துக்கு இறங்க வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே சேர்வராயன் மலை மொத்தமும் மேகத்துக்குள். ரன்வே 1,800 மீட்டர் சொச்சம்தான். ஓட்டுவது நீங்கள், கவனிப்பது அவர். 500 அடியில் வேகம் இருக்க வேண்டியதைவிடக் கூட இருக்கிறது. அந்த நொடியே அவர் "கோ அரவுண்ட்", அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறுங்கள் என்று, சொல்லியாக வேண்டும். ஆனால் அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் அருணாசலப் பிரதேசத்தின் மெச்சுகா பள்ளத்தாக்கில் இறங்கிய ஆள், மீசை நரைத்தவர். சாருக்குத் தெரியாததா என்று அவர் இரண்டு விநாடி தயங்கினால்? ஏ.என்-32-இல் நேவிகேட்டர் இருப்பார், இன்ஜினியர் இருப்பார், யாராவது ஒருவர் வாயைத் திறப்பார். ஏ.டி.ஆரில் இருப்பதே இரண்டு பேர்.

சொன்னாலும் காதில் விழ வேண்டும். 2010 மே 22 அன்று மங்களூரில் கோ-பைலட் மூன்று முறை கோ அரவுண்ட் சொல்லியும் கேப்டன் கேட்காமல் இறக்கினார் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. 158 பேர் போனார்கள். அந்த அறிக்கையை மெடிக்கலுக்குப் போவதற்கு முன்னால் ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள், எந்தப் பரீட்சைப் புத்தகத்தையும்விட அது முக்கியம்.

அதனால் முதல் நாள் பிரீஃபிங்கிலேயே நீங்களாக அந்தப் பையனிடம் சொல்லிவிடுங்கள்: என்னை சார் என்று கூப்பிடாதீர்கள், தப்பு என்று பட்டால் உடனே சொல்லுங்கள், நான் கோபப்பட மாட்டேன். இப்படிச் சொன்னதும் இறுகியிருந்த தோள் கொஞ்சம் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் அவர் திருத்தும்போது நிஜமாகவே கோபப்படாமல் இருக்க வேண்டும், கஷ்டமே அங்கேதான்.

இன்னொன்று. எல்லையில் ரேஷனுக்குக் காத்திருக்கிற ஜவான்களை நினைத்து, எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடுவது என்று 20 வருஷம் பழகிய மனசு உங்களுடையது. அதை நான் மதிக்கிறேன், அந்த வாழ்க்கையை நானும் வாழ்ந்தவன். ஆனால் இங்கே ரன்வே தெரியவில்லையென்றால் பெங்களூருக்குத் திரும்பிவிட வேண்டியதுதான். முகூர்த்தம் தப்பிவிட்டது என்று பின்னால் எழுபது பேர் திட்டுவார்கள், திட்டட்டும். அவர்கள் எல்லோரும் ராத்திரி வீட்டில் சாப்பிடுவார்கள்.

மெடிக்கல் முடிந்ததும் எழுதுங்கள். ஏ.டி.ஆரா ஏர்பஸ்ஸா என்பதை அப்போது பேசுவோம்.