புத்தக அக்கா பதில்கள்

(மதுரையில் பல காலம் லெண்டிங் லைப்ரரி நடத்தியவர், வாசகர்களின் புத்தகக் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: ப்ளஸ் டூ படிக்கும் என் மகள் ராத்திரி 11 மணிக்கு ‘த ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ என்ற நாவலை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறாள். புற்றுநோய் வந்த பிள்ளைகளின் காதல் கதையாம். பரீட்சை நேரத்தில் இந்தச் சோகம் தேவையா? பிடுங்கி வைத்துவிடலாமா?
– ஒரு தாய், திருமங்கலம்

பதில்: வேண்டாம் அம்மா. முடிந்தால் நீங்களும் படியுங்கள். ஜான் கிரீன் எழுதி 2012-இல் வந்த நாவல். கதாநாயகி ஹேஸலுக்கு 16 வயது. தைராய்டில் தொடங்கி நுரையீரலுக்குப் பரவிய புற்றுநோய். போகிற இடமெல்லாம் ஆக்ஸிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டு போகிறாள். அவள் விரும்பும் அகஸ்டஸுக்கு எலும்புப் புற்றுநோயால் ஒரு கால் போய்விட்டது.

காதலை விடுங்கள், என்னை உலுக்கியது அந்தப் பெண்ணின் அம்மாதான். மகள் பிழைக்க மாட்டாள் என்றிருந்த ஒரு கட்டத்தில், ‘இனிமேல் நான் அம்மாவாக இருக்க மாட்டேனே’ என்று அவர் அழுதது மகள் காதில் விழுந்துவிடுகிறது. அதிலிருந்து ஹேஸலுக்கு ஒரே பயம், தான் போனபின் அப்பா அம்மா என்ன ஆவார்கள் என்று. கடைசியில்தான் தெரிகிறது, அம்மா அவளுக்குத் தெரியாமல் சமூகப் பணி படித்துக்கொண்டிருக்கிறார், இதே துன்பத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு உதவுவதற்காக. தான் இல்லாத உலகத்தை அம்மா இப்போதே நினைத்துப் பார்க்கிறார் என்று மகளுக்குத் தோன்றிவிடுமோ என்று சொல்லாமல் வைத்திருக்கிறார். மகளோ அதைக் கேட்டுச் சந்தோஷத்தில் அழுகிறாள்.

உங்கள் மகள் எந்தப் பக்கத்தில் அழுதாள் என்று கேட்டுப் பாருங்கள். இந்தப் பக்கமாகக்கூட இருக்கலாம். நேரமானால் விளக்கை அணைக்கச் சொல்லுங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. புத்தகம் அவளிடமே இருக்கட்டும்.

கேள்வி: எந்தப் புத்தகக் கடைக்குப் போனாலும் அட்டையில் ஒரு காபிக் கடை, ஒரு பூனை. ‘மனசுக்கு இதம்’ என்று சொல்லி விற்கிறார்கள். இதெல்லாம் இலக்கியமா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மேலூர்

பதில்: ஐயா, உங்கள் எரிச்சல் நியாயமானது. இந்த வரிசையில் பல புத்தகங்களை என்னால் பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை. அவற்றில் யாருக்கும் வாடகை பாக்கி கிடையாது. வேலையை விட்டுவிட்டு வந்து கடை போடுகிறார்கள், முதல் எங்கிருந்து வந்தது என்ற பேச்சே இல்லை. மாசி வீதியில் ஒரு கடை பிடிக்க என்ன அட்வான்ஸ் கேட்பார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இது எப்படி ஒட்டும்? பூனை மடியில் ஏறியதும் துக்கம் தீர்ந்துவிடுகிறது. அந்த இதம் எனக்கு வேண்டாம்.

தோஷிகாஸு கவாகுச்சியின் ‘பிஃபோர் த காஃபி கெட்ஸ் கோல்டு’ நாவலை மட்டும் அவற்றோடு சேர்க்க மனம் வரவில்லை. ஜப்பானிய மொழியில் 2015-இல் வந்தது, ஆங்கிலத்தில் 2019-இல். டோக்கியோவில் ஒரு காபிக் கடை. அங்கே குறிப்பிட்ட ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் கடந்த காலத்துக்குப் போய்வரலாம். காபி ஆறுவதற்குள் குடித்துத் திரும்பிவிட வேண்டும். போய் என்ன செய்தாலும் இன்றைய நிலைமை மாறாது.

கோதாக்கே ஒரு நர்ஸ். மறதி நோய் முற்றிய அவள் கணவருக்கு, மனைவி யாரென்றே தெரியவில்லை. நினைவு இருந்த காலத்தில் அவர் கொடுக்க நினைத்துக் கொடுக்காமல் போன கடிதத்தை வாங்கத்தான் அவள் அந்த நாற்காலியில் உட்காருகிறாள். நர்ஸாக இருந்து என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டாம், மனைவியாக இருக்க முடிந்தால் இரு என்பதுதான் கடிதத்தின் சாரம். திரும்பி வந்தபோது நோய் துளியும் குறைந்திருக்கவில்லை. அவரைக் குழப்பக்கூடாது என்று கல்யாணத்துக்கு முந்தைய பெயரில் இருந்தவள், இனி என்னைக் கணவர் பெயரிலேயே கூப்பிடுங்கள் என்கிறாள். அவ்வளவுதான் நடக்கிறது.

நடை தட்டைதான். நாற்காலி விதிகளைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுப்பூட்டுவார். ஆனால் படுத்த படுக்கையாக இருக்கும் கணவரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு வாசகி என் பிரதியை வாங்கிப் போனார், திருப்பித் தரவில்லை. நான் கேட்கவும் மாட்டேன்.

கேள்வி: ஆங்கில நாவல்களின் விலை கட்டுப்படியாகவில்லை. மதுரையில் வாங்காமல் படிக்க வழி உண்டா?
– கல்லூரி மாணவர், அரசரடி

பதில்: புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறதே தம்பி! 2023 ஜூலை 15-இல் திறந்தது. ஆங்கில நூல்கள் பிரிவில் கேளுங்கள்.

கேள்வி: தமிழில் எங்கள் வயதுப் பிள்ளைகளைப் பற்றி மனசுக்கு இதமான கதைகள் ஏன் இல்லை?
– பதினொன்றாம் வகுப்பு மாணவி, சோழவந்தான்

பதில்: பாப்பா, லைப்ரரி நடத்திய காலம் முழுக்க எனக்கு இருந்த குறை இது. ‘கோகுலம்’, ‘அம்புலிமாமா’ என்று எடுத்துப் போன பிள்ளைகள், எட்டாம் வகுப்பு தாண்டியதும் நேராக ரமணிசந்திரன் நாவல்களுக்குத் தாவுவார்கள். நடுவில் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்காது. அந்த நாவல்களின் கடைசிப் பக்கத்தில் யாராவது பென்சிலால் எழுதியிருப்பார்கள்: ‘முடிவு சுபம், பயப்படாம படிங்க.’ அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து: ‘நடுவுல மட்டும் கர்சீப் வேணும்.’ பைண்டிங்குக்குக் கொடுக்கும்போது அந்தத் தாளை எடுத்துவிடாதீர்கள் என்று சொல்லியே கொடுப்பேன். சுபமான முடிவுக்கு நம் பெண்கள் ஏங்கிய ஏக்கத்தை நான் ஒருநாளும் மட்டமாக நினைத்ததில்லை. ஆனால் அந்தக் கதாநாயகிகளுக்குக் கல்யாண வயது. பேசாமல் விலகிப் போன சிநேகிதியைப் பற்றியோ, குரூப் எடுப்பதில் வீட்டில் வந்த சண்டையைப் பற்றியோ அவர்களிடம் ஒரு வார்த்தை கிடையாது.

இரா. நடராசனின் ‘ஆயிஷா’ இருக்கிறது. கேள்வி கேட்டதற்காக அடி வாங்கும் பள்ளிக்கூடப் பெண்ணின் கதை, அவசியம் படி. ஆனால் அது மனதைப் பிழிந்துவிடும், இதம் தராது.

அமெரிக்க எழுத்தாளர் எஸ். இ. ஹிண்டன் ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலைப் பள்ளியில் படிக்கும்போதே எழுதினார். தன் வயதுப் பிள்ளைகளைப் பற்றி உண்மையான கதைகள் கிடைக்கவில்லை என்ற கோபம் அவருக்கு. 1967-இல் அது வெளிவந்தபோது அவருக்கு 18 வயது. நீயும் எழுது. உங்கள் ஊர் வெற்றிலைக் கொடிக்காலுக்கு விடியுமுன் வேலைக்குப் போகும் ஒரு அப்பா, மதுரை பஸ்ஸில் உனக்கு இடம் பிடித்து வைக்கும் ஒரு சிநேகிதி, கட்ட வேண்டிய டியூஷன் பீஸ், இவை போதும் ஆரம்பிக்க. முடிவு சுபமாகவே இருக்கட்டும், ஆனால் அந்த பீஸை எப்படிக் கட்டினார்கள் என்பதையும் எழுதிவிடு. முதல் அத்தியாயம் முடிந்ததும் பத்திரிகை முகவரிக்கு அனுப்பு, படித்துப் பதில் போடுகிறேன்.