காயலான் கடை டிரான்ஸ்பார்மர்: கேள்வி பதில்

வியாசர்பாடி வாசகர்: ஐயா, காயலான் கடையில் வால்வு ரேடியோ டிரான்ஸ்பார்மர் ஒன்று கிடைத்தது. ஒன்பது ஒயர்கள், லேபிள் இல்லை. மெயின்ஸ் எது?

பதில்: பிளக்கில் சொருகிப் பார்க்கும் ஆசையை முதலில் அடக்குங்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, எந்த ஒயர் எதனோடு சேர்கிறது என்று தாளில் குறியுங்கள். மூன்று ஒயர்கள் ஒன்றாகச் சேர்ந்து, ஓம்ஸும் அதிகம் காட்டினால் அது எச்.டி., அதாவது வால்வுக்கு உயர் வோல்ட் தரும் சுற்று, பெரும்பாலும் 250-0-250 வோல்ட். ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டும் தடித்த கம்பிகள் 6.3 வோல்ட், 5 வோல்ட் ஃபிலமென்ட் சுற்றுகள், வால்வைச் சூடாக்குபவை. எஞ்சிய ஜோடிதான் மெயின்ஸ். அதில் 6 வோல்ட் ஏ.சி. மட்டும் கொடுங்கள். எச்.டி.யின் இரு முனைகளுக்கும் இடையே 13 வோல்ட் அளவுக்கும், 6.3 சுற்றில் 0.16 அளவுக்கும் வந்தால் கணக்கு சரி. இதையே தலைகீழாக, 6 வோல்ட்டை ஃபிலமென்ட் சுற்றில் கொடுத்துவிடாதீர்கள், எச்.டி.யில் 500 வோல்ட் நிற்கும், தொட்டால் ஆளைத் தூக்கி எறியும். கடைசியாக, 60 வாட்ஸ் குண்டு பல்பைத் தொடரில் போட்டு மெயின்ஸ் கொடுங்கள். செகண்டரியில், அதாவது மெயின்ஸ் தவிர்த்த மற்றச் சுற்றுகளில், எதுவும் இணைக்காத நிலையிலும் பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட்.

காசிமேடு வாசகர்: தகடெல்லாம் துரு. தூக்கிப் போடவா?

பதில்: நம் உப்புக்காற்றில் துரு பிடிக்காத இரும்பு ஏது? மேல்துரு பரவாயில்லை, உள்ளே இறங்கிய ஈரம்தான் ஆபத்து. நன்றாக உலர்த்தி, சுற்றுக்கும் தகட்டுக்கும் இடையே 500 வோல்ட் மெகரில் (மின்கசிவைப் பார்க்கும் மீட்டர்) பாருங்கள். சில மெகாஓம்ஸ்கூடத் தேறாவிட்டால் காயில் கட்டுபவரிடம் கொடுங்கள்.

பெரம்பூர் வாசகர்: எத்தனை வாட்ஸ் தாங்கும்?

பதில்: காயிலுக்குள் நுழையும் நடுக்கால் 3 செ.மீ. அகலம், தகட்டு அடுக்கு 3 செ.மீ. என்றால் பரப்பு 9 சதுர செ.மீ. அதை 1.2ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்குங்கள்: 56 வருகிறது. 50 வாட்ஸ் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

ராயபுரம் வாசகர்: மைக் செட் ஹார்னில் இருந்த 100 வோல்ட் லைன் டிரான்ஸ்பார்மர், ஈ.எல்.84 வால்வு ஒன்றுக்கு அவுட்புட்டாக, அதாவது வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் டிரான்ஸ்பார்மராக, ஆகுமா?

பதில்: கணக்கு ஆசை காட்டும். 2 வாட்ஸ் இணைப்பை எடுத்துக்கொண்டு, நூறின் வர்க்கத்தை 2ஆல் வகுத்தால் 5000 ஓம்ஸ், அந்த வால்வு கேட்பதும் ஏறக்குறைய அதுதான். ஆனால் ஒற்றை வால்வில் டி.சி.யும் சேர்ந்து பாய்வதால் இரும்பு திணறும். அதற்கென்றே செய்த அவுட்புட்டில் ஈ வடிவத் தகடுகள் எல்லாம் ஒரு பக்கம், ஐ தகடுகள் மறுபக்கம், நடுவே காகித இடைவெளி இருக்கும். லைன் டிரான்ஸ்பார்மரில் மாற்றி மாற்றிச் செருகியிருப்பார்கள். பிரித்து அடுக்கலாம், பாஸ் மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

திருவொற்றியூர் வாசகர்: '115 வோல்ட், 400 சைக்கிள்' என்று பொறித்திருக்கிறது.

பதில்: விமானச் சரக்கு. 400 சைக்கிள் என்றால் 400 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸில் 115 வோல்ட் கொடுத்தாலும் எரிந்துவிடும். செம்பு விலைக்குப் போட்டுவிடுங்கள்.