கழிவிரக்கம் என்று எழுதியது தவறா?

கேள்வி: அப்பாவின் கடைசி நாட்களில் கூட இருந்திருக்கலாம். வேலையைச் சாக்கு சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன். அவரைப் பற்றிய நினைவுக் குறிப்பில் ‘கழிவிரக்கம் என்னை விடவில்லை’ என்று எழுதினேன். படித்த தம்பி, ‘அது தன்மேல் தானே பரிதாபப்படுவது அக்கா, எடுத்துவிடு’ என்கிறான். கழிவு என்றால் குப்பைதானே என்று எனக்கும் குழப்பம். நான் எழுதியது தவறா?

பதில்: தவறே இல்லை, சகோதரி. பொழுது கழிந்தது, நாள் கழிந்தது என்கிறோமே, அந்தக் கழிவுதான் இது. தொல்காப்பியம் ‘மன்’ என்ற இடைச்சொல்லுக்குத் தரும் மூன்று பொருள்களில் முதலாவதே கழிவு. அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய புறநானூறு 235-ஆம் பாட்டில் ‘சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே’ என்று வரும். கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவானே, அந்தக் காலம் போயிற்றே என்று அர்த்தம். ‘போயிற்றே’ முழுவதும் அந்த ஒரு ‘மன்’னுக்குள் இருக்கிறது. படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அப்புறம், இரக்கம். இன்று அது பிறர்மேல் காட்டும் பரிவாகிவிட்டது. ஆனால் இரங்குதல் என்றால் நினைத்து வருந்துதல் என்பதும் பழைய பொருள். நெய்தல் திணைக்கு உரிய இரங்கல் அதுதான். ஆகவே, செய்துவிட்டதை அல்லது செய்யத் தவறியதைப் பின்னால் எண்ணி வருந்துவது கழிவிரக்கம்.

தம்பி சொல்லும் பொருளிலும் இன்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் அதற்குத் தன்னிரக்கம் என்ற தெளிவான சொல் இருக்கிறது. ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி நடக்கிறது’ என்று புலம்புவது தன்னிரக்கம். நீங்கள் எழுதியது ‘நான் ஏன் போகவில்லை’ என்ற கேள்வி. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் உங்கள் வலிக்குப் பெயரில்லாமல் போய்விடும். ஒன்று மட்டும்: இன்னொருவரிடம் மன்னிப்புக் கேட்கும்போது இந்தச் சொல் பொருந்தாது. அங்கே ‘வருந்துகிறேன்’ போதும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் 655-ஆம் குறள்தான் நினைவுக்கு வந்தது: ‘எற்றென் றிரங்குவ செய்யற்க செய்வானேல் மற்றன்ன செய்யாமை நன்று.’ ‘எற்று’ என்றால் ‘என்ன காரியம் செய்துவிட்டேன்!’ தவறிச் செய்துவிட்டால் மீண்டும் அத்தகைய செயலைச் செய்யாதே என்று மு.வ. பொருள் சொல்கிறார். பரிமேலழகரோ, செய்துவிட்டால் பிறகு உட்கார்ந்து இரங்கிக்கொண்டே இருக்காதே என்று கொள்கிறார். உங்களுக்காக நான் பரிமேலழகர் பக்கம் நிற்கிறேன். குறிப்பில் சொல் அப்படியே இருக்கட்டும். தம்பியிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள், அப்படியே அப்பாவைப் பற்றியும் அவனோடு கொஞ்ச நேரம் பேசுங்கள்.