அமுக்கராவும் ஆய்வக எலியும்: கேள்வி பதில்

எம்.பார்ம் மாணவி: மேடம், அமுக்கரா (அசுவகந்தா) எக்ஸ்ட்ராக்ட் கொடுத்த வெள்ளெலிகள் பிளஸ் மேஸின் ஓப்பன் ஆர்மில் அதிக நேரம் நின்றன. பதற்றம் குறைந்தது என்று எழுதலாமா?

இன்னும் எழுதாதீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: பிளஸ் மேஸ் என்பது அரை மீட்டர் உயரத்தில் நிற்கும் கூட்டல் குறி வடிவப் பாதை. அதன் நான்கு கைகளில் இரண்டுக்குச் சுவர் உண்டு (குளோஸ்டு ஆர்ம்), இரண்டு வெட்டவெளி (ஓப்பன் ஆர்ம்). புது இடத்தைச் சுற்றிப் பார்க்கும் ஆசை, வெட்டவெளி பயம், இரண்டில் எது மேலோங்குகிறது என்று 5 நிமிடம் பார்க்கிறோம். பதற்றம் தணிக்கும் மருந்தான டயசிபாம் கொடுத்தால் எலி வெளியே வரும். வெறுமனே ஓட்டத்தைத் தூண்டும் மருந்தைக் கொடுத்தாலும் வரும்! அதனால் குளோஸ்டு ஆர்மில் எத்தனை முறை நுழைந்தது என்ற கணக்கையும் காட்டுங்கள். அது மாறாமல் ஓப்பன் ஆர்மின் பங்கு மட்டும் கூடியிருந்தால்தான் பேசலாம். எண்ணுபவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியக் கூடாது. அதே எலியை மறுநாள் ஏற்றவும் வேண்டாம். மேஸை ஒருமுறை பார்த்துவிட்ட எலியிடம் டயசிபாமின் விளைவே பெரும்பாலும் தெரியாது.

இன்னொருவர்: அதிக டோஸில் எலி அசையாமல் அமைதியாக இருக்கிறதே, நல்லதுதானே?

இல்லை. மந்தம் வேறு, பயம் தணிவது வேறு. நடமாட்டத்தை அளந்தே ஆக வேண்டும்.

சித்த மருத்துவர் ஒருவர்: தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் சாப்பிட்ட மருந்துக்கு எலியா சான்று தர வேண்டும்?

சான்று எலி தராது, ஐயா. எந்த அளவில், எந்த வழியில் வேலை செய்கிறது என்ற தடயத்தைத் தரும்.

அவரே: நீங்கள் சோதிப்பது எங்கள் மருந்தே இல்லையே!

இதில் நான் முழுக்க உங்கள் பக்கம். அமுக்கரா சூரணத்தில் வேரைப் பாலில் அவித்துச் சுத்தி செய்கிறீர்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பு, சர்க்கரை எல்லாம் சேர்கின்றன. 2000-இல் வெளியான ஆய்வில் எலிகளுக்குக் கொடுத்தது வேரிலிருந்து பிரித்த கிளைக்கோவித்தனோலைடுகள் என்ற வேதிப்பொருள்கள்: கிலோவுக்கு 20, 50 மில்லிகிராம், 5 நாள். விளைவு, டயசிபாம் போன்ற இன்னொரு மருந்தான லோராசெபாமுக்கு இணையாக இருந்தது. நல்ல ஆய்வுதான். ஆனால் அதைக் காட்டிச் சூரணம் விற்பது தவறு. சூரணத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் சூரணத்தையே, நீங்கள் செய்யும் முறையிலேயே தயாரித்துச் சோதிக்க வேண்டும். உங்களைப் போன்றவர் ஆய்வுக் குழுவில் உட்கார வேண்டும் என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

வாசகர்: 60 கிலோ எடை எனக்கு, 50 மில்லிகிராம் கணக்கில் 3 கிராம் வருமா?

வராது. வெள்ளெலி டோஸை 6.2-ஆல், சுண்டெலி டோஸை 12.3-ஆல் வகுப்பது வழக்கம். அதுவும் மனித ஆய்வைத் திட்டமிடுபவருக்கான தொடக்கக் கணக்கு, உங்கள் வேளை மருந்து அல்ல.

மற்றொருவர்: தினம் எத்தனை ஸ்பூன்?

எலிக் கணக்கிலிருந்து அதைச் சொல்ல முடியாது. மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பிணிகள், தைராய்டு மருந்தோ தூக்க மாத்திரையோ எடுப்பவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் தாமாகத் தொடவே வேண்டாம்.

மாணவர்: ராத்தூக்கத்துக்கு எவ்வளவு...

டோஸ் கேள்விகளுக்கு இனி பதில் இல்லை.

கல்லூரி மாணவர்: வீட்டிலேயே எலி வாங்கிச் செய்து பார்க்கலாமா?

கூடாது. பதிவு பெற்ற ஆய்வகமும் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இல்லாமல் ஒரு எலியைக்கூடத் தொடக் கூடாது.