திரையில் ஓடும் நாடி அலை: வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்

கேள்வி: கிருமித்தொற்று இரத்தத்தில் பரவியதால் என் தந்தையார் பத்து நாட்கள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். கையில் பிரஷர் பட்டி இருந்தும் மணிக்கட்டில் ஒரு குழாயை ஏற்றி, திரையில் சிவப்புக் கோடு ஓடவிட்டிருந்தார்கள். ஒருநாள் பிரஷர் இறங்கியபோது அந்தக் கோட்டைப் பார்த்த டொக்டர், சேலைன் வேண்டாம் என்றார். அது சரிதானா?
(வாசகி, சாவகச்சேரி)

பதில்: பிரஷர் இறங்கினால் சேலைன் ஏற்ற வேண்டும் என்ற எண்ணம் எங்கள் மக்களிடம் ஆழப் பதிந்திருப்பதால், உங்கள் மனம் பதறியதில் வியப்பில்லை. தந்தையாரின் குறிப்பேட்டைப் பார்க்காமல் அன்றைய முடிவைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனால் அந்தக் கோட்டை வைத்து அப்படி முடிவெடுக்க நல்ல நியாயம் உண்டு.

பட்டி சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான் அளக்கும். நாடிக்குள் இருக்கும் குழாயோ ஒவ்வொரு துடிப்பையும் அலையாக வரைகிறது. இதயம் இரத்தத்தைத் தள்ளும்போது அலை செங்குத்தாக எழும்பும். இறங்கும் வழியில் ஒரு சிறு பள்ளம் தெரியும். அது பெருநாடி வால்வு மூடுவதைக் காட்டுகிறது. அலை எழத் தொடங்கியதிலிருந்து அந்தப் பள்ளம் வரையுள்ள பரப்பையும் நாடிச் சுவரின் விறைப்பையும் கொண்டு, ஒரு துடிப்பில் எவ்வளவு இரத்தம் வெளியேறுகிறது என்பதைக் கருவி மதிப்பிடுகிறது. இதற்கான கோட்பாட்டை ஜேர்மனிய உடலியல் அறிஞர் ஒற்றோ பிராங்க் 1899இலேயே வகுத்துவிட்டார்.

நோயாளி வென்ரிலேற்றர் என்ற செயற்கைச் சுவாச இயந்திரத்தில் இருக்கும்போது, ஒவ்வொரு மூச்சுக்கும் அலையின் உயரம் கூடிக் குறையும். இந்த வேறுபாடு ஏறத்தாழ 13 சதவீதத்தைத் தாண்டினால், சேலைன் கொடுத்தால் இதயம் கூடுதலாக இரத்தம் தள்ளக்கூடும் என்று கொள்ளலாம். வேறுபாடு மிகச் சிறிதாக இருந்தால், ஏற்றும் நீர் இதயத்துக்கு உதவாமல் நுரையீரலில் தேங்கி மூச்சுத்திணறலைக் கூட்டலாம். கிருமித்தொற்றில் பிரஷர் இறங்குவதற்கு இரத்தக்குழாய்கள் தளர்ந்துபோவதே பெரும்பாலும் முக்கிய காரணம் என்பதால், அவற்றை இறுக்கும் நோரட்ரினலின் போன்ற மருந்தே அப்போது பொருத்தமாக இருக்கும்.

ஆனால் 13 என்ற எண்ணை எல்லோருக்கும் பொருத்திவிட முடியாது. இதயத்துடிப்பு ஒழுங்கற்றிருந்தாலோ, நோயாளி தானாக மூச்சு எடுத்தாலோ, இயந்திரம் மிகச் சிறிய மூச்சுகளைக் கொடுத்தாலோ அந்தக் கணக்குப் பிழைக்கும். அப்போது இரு கால்களையும் 45 பாகை அளவில் உயர்த்தி, கால்களிலுள்ள இரத்தம் இதயத்தை நோக்கி வரும்போது ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தத்தின் அளவு 10 சதவீதமாவது கூடுகிறதா என்று பார்ப்பார்கள். சேலைன் ஒரு துளியும் ஏற்றாமலே விடை கிடைத்துவிடும் என்பதால், எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

அலையே பொய் சொல்லும் வேளைகளும் உண்டு. குழாயில் பெரிய காற்றுக் குமிழி நின்றால் அலையின் முனை மழுங்கி, மேல் அளவு குறைவாகவும் கீழ் அளவு கூடுதலாகவும் தெரியும். குழாயோடு இணைத்திருக்கும் பிரஷர் அளவுமானி இதயத்தின் மட்டத்திலிருந்து 10 சென்ரிமீற்றர் கீழே இறங்கினாலே பிரஷர் 7 அல்லது 8 புள்ளி கூடிக் காட்டும். கட்டிலை உயர்த்திய கையோடு தாதியர் அதன் மட்டத்தைச் சரிசெய்வது இதனால்தான். குழாயைச் சட்டென்று கழுவி விடும்போது திரையில் கோடு சதுரமாக எழுந்து, ஓரிரு தடவை மட்டும் அதிர்ந்து பழைய அலைக்குத் திரும்ப வேண்டும். இதைப் பார்க்காமல் எண்ணை மட்டும் நம்பி மருந்தைக் கூட்டுவதோ குறைப்பதோ ஆபத்தானது. சிறுநீர் போகிறதா, கைகால் சூடாக இருக்கிறதா, நோயாளி தெளிவாக இருக்கிறாரா என்பவற்றையும் அலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேள்வி: மணிக்கட்டு நாடியில் குழாய் வைத்தால் கை பழுதாகிவிடாதா?
(வாசகர், கரவெட்டி)

பதில்: கைக்கு இரத்தம் கொண்டுவரும் நாடிகள் இரண்டு உள்ளன, ஒன்றில் குழாய் இருந்தாலும் மற்றது பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். கடுமையான பாதிப்பு அரிது. ஆனாலும் விரல்கள் வெளிறினாலோ, குளிர்ந்தாலோ, நோயாளி கை நோகிறது என்றாலோ, விடியும்வரை காத்திராமல் உடனே தாதியிடம் சொல்லுங்கள்.