மதராஸ் படைக்கு வந்த ஐரிஷ் சிப்பாய் என் முப்பாட்டன். 1922இல் டப்ளினில் நடந்த தீயில் பதிவுகள் எல்லாம் எரிந்துவிட்டனவாமே, அயர்லாந்து மூதாதையரை இனியும் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். "எல்லாம் எரிஞ்சு போச்சு" என்று யாராவது சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் மாமனார் வீட்டில் இதைச் சொல்லியே இரண்டு தலைமுறையாகத் தேடாமல் இருந்தார்கள். நான் மதுரைக்காரி, நர்ஸ் வேலைக்கு வந்து அயர்லாந்தின் மேற்குப் பக்கத்துக் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மேயோவில் வாழ்க்கைப்பட்டவள். வரலாறு படித்தவள் அல்ல. ஆகவே பேராசிரியர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம், ஒரு குடும்பத்தைத் தேடிய அனுபவத்தை மட்டும்தான் சொல்கிறேன்.

எரிந்தது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போர் தொடங்கிய சில நாட்களில், டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821, 1831, 1841, 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் சில துண்டுகள் தவிர அத்தனையும் போயின. சர்ச் ஆஃப் அயர்லாந்து என்ற புராட்டஸ்டண்ட் சபையின் பதிவேடுகளில் பாதிக்கு மேல் போயின. உயில்களும் பெரும்பாலும் போயின. ஆனால் 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்களைப் பல ஆண்டுகளுக்கு முன்பே அரசாங்கமே அழித்திருந்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக்கூழாகிவிட்டன. பழியை மொத்தமாகத் தீயின் தலையில் போடுவது அரசாங்கத்துக்கு வசதி, அவ்வளவுதான்.

கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தக் கட்டடத்தில் இருக்கவே இல்லை. அந்தந்தப் பங்குச் சாமியாரிடம் இருந்தன. பின்னால் தேசிய நூலகம் அவற்றை மைக்ரோஃபிலிம் எடுத்தது, 2015இல் பக்கங்களை அப்படியே இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டது. பெரும்பாலும் 1880 வரைக்குமானவை. 1901, 1911 கணக்கெடுப்புகளும் முழுசாக, இலவசமாக இருக்கின்றன. 1864 முதல் எல்லா மதத்தாருக்கும் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு கட்டாயமானது. அந்தப் பதிவுகளின் படங்களும் காசில்லாமல் கிடைக்கும்: பிறப்பென்றால் 100 ஆண்டு, திருமணம் 75, இறப்பு 50 கடந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு எல்லாரும் செய்வது பெயரைத் தட்டித் தேடுவது. அதில்தான் மாட்டிக்கொள்வார்கள். எங்கள் வீட்டுக் குடும்பப் பெயரைச் சொல்ல மாட்டேன், ஆனால் மேயோவில் கூட்டத்தில் கல்லை எறிந்தால் அந்தப் பெயர்க்காரர் தலையில்தான் விழும். ஆணுக்குப் பாட்ரிக், மைக்கேல், ஜான், தாமஸ். பெண்ணுக்குப் பிரிஜட், மேரி. இதைத் தாண்டி அந்தக் காலத்தில் பெயரே வைக்கவில்லையோ என்று தோன்றும்.

பெயரை விட்டுவிட்டு நிலத்தைப் பிடியுங்கள். அயர்லாந்து நிலக் கணக்கில் ஆகச் சின்ன அலகு டவுன்லேண்ட், நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அந்தப் பெயர் தெரிந்துவிட்டால் கிரிஃபித் மதிப்பீட்டைத் திறக்கலாம். ரிச்சர்ட் கிரிஃபித் என்பவர் தலைமையில் 1847 முதல் 1864 வரை, வரி விதிப்பதற்காக எடுத்த கணக்கு. யார் அனுபவிக்கிறார், யாரிடம் குத்தகை, எத்தனை ஏக்கர், மதிப்பு என்ன என்று வரிசையாக இருக்கும், கூடவே வரைபட எண். நிலமோ வீடோ யார் பேரில் இருந்ததோ அவர் பெயர் மட்டும்தான் வரும், மனைவி மக்கள் வரமாட்டார்கள். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் செத்தவர்களும் அதற்குள் கப்பலேறியவர்களும் இருக்க மாட்டார்கள்.

எங்கள் டவுன்லேண்டில் ஒரே குடும்பப் பெயரில் இரண்டு பாட்ரிக். கணக்கெடுத்தவருக்கும் தலை சுற்றியிருக்கும் போல, ஒருவர் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மைக்கேல், இன்னொருவர் பக்கத்தில் தாமஸ் என்று அப்பா பெயரை எழுதியிருந்தார். (வேறு இடங்களில் தலைமுடி நிறத்தைக்கூட எழுதியிருக்கிறார்கள்.) மாமனாரின் தாத்தா 1890களில் கல்யாணம் செய்தபோது தகப்பன் பெயர் பாட்ரிக் என்று பதிவாகியிருக்கிறது. எந்தப் பாட்ரிக்?

ஞானஸ்நானப் பதிவேட்டில் இரண்டு பாட்ரிக்கின் பிள்ளைகளும் இருந்தார்கள். இரண்டு வீட்டிலும் மனைவி பெயர் பிரிஜட்! நல்லவேளையாக அயர்லாந்துக் கத்தோலிக்கச் சாமியார்கள் தாயின் பிறந்த வீட்டுப் பெயரை எழுதும் வழக்கம் உள்ளவர்கள், ஞானப்பெற்றோர் பெயரையும் எழுதுவார்கள். அதை வைத்து இரண்டு பிரிஜட்டையும் பிரித்தேன். ஒரு வீட்டில் மூத்த பையன் மைக்கேல். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்பது அங்கேயும் வழக்கம். மருமகளாகப் போன எனக்கு இதில் மட்டும் யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் வழக்கம் சாட்சி ஆகாது.

சாட்சி கிடைத்தது மதிப்பீட்டின் திருத்தப் புத்தகங்களில். கிரிஃபித்துக்குப் பிறகு அதிகாரிகள் அவ்வப்போது வந்து, ஆள் மாறியிருந்தால் பழைய பெயரை அடித்துப் புதுப் பெயரை எழுதுவார்கள், ஒவ்வொரு முறையும் வேறு நிற மசியில், ஓரத்தில் வருஷத்தோடு. டப்ளினில் அந்தப் புத்தகத்தைப் புரட்டியபோது, பாட்ரிக் (மைக்கேல்) பெயர் 1880களில் அடிக்கப்பட்டு பிரிஜட் பெயர் ஏறியிருந்தது, அதற்குப் பின் மாமனாரின் தாத்தா பெயர். வரைபட எண் மாறவே இல்லை. பெண்பிள்ளை பெயர் ஏறுகிறதென்றால் புருஷன் போயிருப்பான் என்று அதையொட்டிய வருஷங்களின் இறப்புப் பதிவைத் தேடினால், பாட்ரிக் இருந்தார். தகவல் சொன்னவர் மகன், கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி. மாமனார் அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிலத்தில்தான் இன்றைக்கும் அவர் மாடு மேய்கிறது.

எல்லாருக்கும் இப்படி அமையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேற்குப் பக்கம் பல பங்குகளில் பதிவேடு பஞ்சத்தை ஒட்டித்தான் தொடங்குகிறது. மேயோவில் நிலத்தைப் பொதுவாக வைத்துத் துண்டு துண்டாக உழுத ஊர்களைப் பின்னால் அரசு வாரியம் பிரித்து வரைந்தபோது எண்களே மாறிப்போயின. மைக்கேலுக்கு மேலே போக 1823 முதல் 1837 வரையிலான டைத் புத்தகங்களைப் பார்த்தேன். கத்தோலிக்க விவசாயியும் புராட்டஸ்டண்ட் சபைக்குக் கட்ட வேண்டியிருந்த வரியின் கணக்கு அது. எங்கள் ஊருக்கு ஒரே ஒரு ஆள் பெயர் போட்டு, பக்கத்தில் 'அண்ட் கம்பெனி' என்று எழுதி முடித்துவிட்டார்கள். கூட்டுக் குத்தகைக்காரர்களை அப்படித்தான் எழுதுவார்களாம். அந்தக் கம்பெனிக்குள் எங்கள் ஆள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

வயதை நம்பவே நம்பாதீர்கள். எங்கள் பிரிஜட்டுக்கு 1901இல் அறுபது, 1911இல் எழுபத்தாறு. 1909 ஜனவரியில் எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது, பிறப்புச் சான்றிதழ் யாரிடமும் இல்லை. 1839 ஜனவரியில் அடித்த பெரும்புயல் ஞாபகம் இருக்கிறது என்று சொல்லியே நிறையப் பேர் வயதை நிரூபித்தார்கள். பாட்டி பொய் சொன்னாள் என்று எழுதாதே என்கிறார் மாமியார். சரி, எழுதவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இவ்வளவையும் நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து நான் செய்தேன். அமெரிக்காவில் இருக்கும் கணவரின் ஒன்றுவிட்ட அத்தை என் கோப்புகளை வாங்கி, குடும்பச் சந்திப்புக்குப் பளபளப்பாகப் புத்தகம் அச்சடித்தார். முன் அட்டையில், கடையில் வாங்கிய ஏதோ ஒரு குலச் சின்னம். நன்றிப் பக்கத்தில் 'அயர்லாந்தில் உள்ள உறவினர்கள்'. குடும்பப் படத்திலும் நான் இல்லை, ஏனென்றால் படம் எடுத்தது நான். அத்தை நல்லவர்தான், கிறிஸ்துமஸுக்குப் பரிசு அனுப்புவார். ஆனாலும் "இதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று அந்தச் சந்திப்பில் என்னிடம் கேட்டவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? என் மகள் அந்த பிரிஜட்டின் வழியில் வந்தவள் இல்லையா?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மதராஸ் படைக்கு வந்த ஐரிஷ் சிப்பாய் உங்கள் முப்பாட்டன் என்கிறீர்கள். பாஸ்போர்ட் நினைப்பு இருந்தால் விட்டுவிடுங்கள், பொதுவாகத் தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்தில் பிறந்திருந்தால்தான் அந்த வழி. தேடத்தான் ஆசை என்றால் அயர்லாந்திலிருந்து தொடங்காதீர்கள். படையில் சேர்ந்தபோதோ ஓய்வு பெற்றபோதோ எழுதிய தாளைத் தேடுங்கள். பிறந்த பாரிஷ், பக்கத்து ஊர், கவுண்டி மூன்றும் அதில் இருக்க வாய்ப்புண்டு. அதில் வரும் பாரிஷ் அரசாங்கக் கணக்குப் பாரிஷாக இருக்கும், கத்தோலிக்கப் பங்கின் எல்லை வேறு. அந்த ஒரு தாள் கைக்கு வந்ததும் இங்கேயே கீழே எழுதுங்கள், கிரிஃபித்தில் நானே பார்த்துச் சொல்கிறேன். நைட் டியூட்டி வாரமாக இருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.