பாய்மரப் படகில் போனால் துறைமுகக் கட்டணம் கட்டுப்படியாகுமா, வெளியூர்க்காரரை மதிப்பார்களா?

ஐரோப்பாவில் சொந்தமாகவோ வாடகைக்கோ படகு எடுத்து ஊர் ஊராகப் போகிறவர்களிடம் துறைமுகங்கள் ஒரு இரவுக்கு எவ்வளவு வாங்குகின்றன, அந்தக் காசுக்கு மரியாதை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நண்பர்களோடு ஒரு வாரம் குரோஷியா போகலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு முன்பே ஒருவர் உங்களுக்குப் பதில் எழுதியிருக்கிறார்: "கயிறு கட்ட நூறு யூரோவா, பகல் கொள்ளை." அதைப் பார்த்த பிறகுதான் நானும் எழுத உட்கார்ந்தேன்.

அவர் சொல்வது பொய்யில்லை. ஜூலை, ஆகஸ்டில் குரோஷியாவை ஒட்டிய ஏட்ரியாட்டிக் கடலில் பேர்போன மரீனாக்களில், அதாவது உல்லாசப் படகுகளுக்கான துறைமுகங்களில், 12 மீட்டர் படகுக்கு ஒரு இரவுக்கு 100 யூரோவுக்கு மேல்தான் கேட்பார்கள். இத்தாலியின் கேப்ரி, சார்டினியா தீவுகள் பக்கம் போனால் அந்த 100 யூரோவே மலிவு என்று தோன்றும். ஆனால் ஐரோப்பா முழுக்க இதுதான் நிலைமை என்று அடித்துச் சொல்வதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நான் இருப்பது நெதர்லாந்தில். ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு பழைய 9 மீட்டர் படகு வைத்திருக்கிறேன். உடனே "ஓ, யாட் வைத்திருக்கும் பணக்காரரா" என்று ஆரம்பிக்க வேண்டாம். இந்த ஊரில் எழுபதுகளில் கட்டிய பாய்மரப் படகு பழைய கார் விலைக்குக் கிடைக்கும், அதையும் மூன்று பேர் பங்கு போட்டு வாங்கினோம், பெயின்ட் அடிப்பது முதல் கழிவறைப் பம்ப் பிரிப்பது வரை எல்லாம் நாங்களே. வாரக் கடைசியில் ஐஸ்ஸல்மேர் ஏரியில் சுற்றுவோம். 1932-ல் அணை கட்டி அடைக்கும் வரை அது கடலாக இருந்தது. அதனால் அதன் கரையில் இருக்கும் ஊர்களெல்லாம் பழைய துறைமுக ஊர்கள்.

இங்கே கணக்கு மீட்டருக்கு இவ்வளவு என்று போடுவார்கள். நாங்கள் போகும் துறைமுகங்களில் எங்கள் படகுக்குப் பெரும்பாலும் 20-லிருந்து 25 யூரோ ஆகும். கரன்ட் சில இடங்களில் இதிலேயே அடங்கும், சில இடங்களில் தனி. ஷவருக்கு டோக்கன் அல்லது கார்டு. அதற்கு மேல் ஆளுக்கு ஒரு யூரோ, ரெண்டு யூரோ என்று நகராட்சியின் சுற்றுலா வரி. படகில் தூங்குகிற ஒவ்வொரு தலைக்கும் இந்த வரி உண்டு. படகு எங்களுடையது, படுக்கை எங்களுடையது, சமையலும் எங்களுடையது, அப்புறம் எதற்கு ஹோட்டல்காரனைப் போல வரி என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே கடுப்பு. இது என் தனிப்பட்ட புலம்பல், விடுங்கள்.

காசே கொடுக்காமலும் கட்டலாம். ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் மாரெக்ரிட்டே என்ற பொது அமைப்பு ஏரிக்கரைகளிலும் தீவுகளிலும் ஆயிரக்கணக்கான இலவச இடங்கள் வைத்திருக்கிறது. ஒரே இடத்தில் மூன்று நாள் வரை இருக்கலாம். தண்ணீர், கரன்ட் எதுவும் கிடையாது; புல்லும் வாத்தும்தான். வருடத்துக்கு ஒரு சின்னக் கொடி விற்பார்கள், மனமிருந்தால் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். அதே மாகாணத்தில் சில ஊர்களில் படகு போகப் பாலத்தைத் தூக்கிவிடுகிறவர், அதற்கான காசை வாங்க, தூண்டில் கம்பின் நுனியில் ஒரு மரச் செருப்பைக் கட்டி உங்கள் படகை நோக்கி ஆட்டிவிடுவார். போகிற போக்கில் அதைப் பிடித்து நாணயத்தைப் போட வேண்டும். காற்று பின்னாலிருந்து தள்ளும்போது ஒரு கையில் சுக்கானும் இன்னொரு கையில் அந்தச் செருப்புமாக நிற்பவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இப்போது பல இடங்களில் அதுவும் மொபைல் ஆப்புக்கு மாறிக்கொண்டிருக்கிறது.

மரியாதை பற்றிக் கேட்டீர்கள். என் அம்மா இரண்டு கோடைக்கு முன்னால் வந்திருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். என்க்ஹைஸன் என்று ஒரு ஊர், துறைமுக வாயிலில் ட்ரொமெடாரிஸ் என்று பழைய கோபுரம், அதிலிருந்து மணியிசை கேட்டுக்கொண்டே இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் போய்ச் சேரும்போது கரையில் ஒரு அடி இடமில்லை. இந்த மாதிரி நேரத்தில் ஏற்கெனவே கட்டியிருக்கும் படகின் பக்கவாட்டில் கேட்டுக்கொண்டு கட்டிக்கொள்வது வழக்கம். அதன் பக்கத்தில் அடுத்தது, அதன் பக்கத்தில் இன்னொன்று. நாங்கள் கரையிலிருந்து மூன்றாவது. ஊருக்குள் போக இரண்டு படகுகள் மேல் ஏறி இறங்க வேண்டும். அதற்கும் ஒரு முறை உண்டு: அடுத்தவர் படகின் முன்தளம் வழியாக, சத்தம் போடாமல் நடக்க வேண்டும், பின்னால் அவர்கள் உட்கார்ந்து சாப்பிடும் இடம் வழியாகப் போகக் கூடாது.

அம்மாவுக்கு முட்டி வலி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஸ்போர்ட்ஸ் ஷூவோடு, படகுகளுக்கு நடுவே பிதுங்கும் ரப்பர் உருளைகளையும் கீழே தெரியும் கறுப்புத் தண்ணீரையும் பார்த்தபடி நின்றுவிட்டார். ஓரத்தில் ஓடும் கம்பியைத் தாண்டக் காலைத் தூக்க முடியவில்லை. நடுப்படகில் ஒரு வயதான ஜெர்மன் தம்பதி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் எழுந்து வந்து கம்பியின் கொக்கியைக் கழற்றி வழி விட்டு, முன்னாடி எல்லாம் வேண்டாம், எங்கள் நடுவிலேயே வாருங்கள் என்று கை நீட்டினார். கணவர் உருளைக்கிழங்குத் தட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு காலை மடக்கினார். கரையில் இறங்கும் கடைசி எட்டில், கார்டு மெஷினோடு சைக்கிளில் ரவுண்டு வந்த ஹார்பர் மாஸ்டர், சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அம்மாவின் இன்னொரு கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

இறக்கிவிட்ட கையோடு, படகு எத்தனை மீட்டர், எத்தனை பேர் தங்குகிறீர்கள் என்று கேட்டு, அம்மாவையும் தலைக்கணக்கில் சேர்த்துச் சுற்றுலா வரி போட்டார். "கையப் புடிச்சு எறக்கிவிட்டதுக்கா காசு?" என்றார் அம்மா. இல்லம்மா, ராத்திரி தூங்குறதுக்கு என்றேன். "தண்ணி மேல தூங்குறதுக்கா?" என்று அதற்கும் ஒரு கேள்வி.

மறுநாள் கரையோரப் படகு ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று முந்தின ராத்திரியே சொல்லியிருந்தார்கள். உள்ளே இருப்பது கிளம்பினால் வெளியே இருக்கும் எல்லோரும் அவிழ்த்து, விலகி, மறுபடி வந்து கட்ட வேண்டும். தூக்கக் கலக்கத்தோடு ஆளாளுக்கு வந்து கயிறு வாங்கினார்கள், யாரும் முணுமுணுக்கவில்லை. 25 யூரோவுக்குள் இதெல்லாம் அடக்கமா என்றால், ரசீதில் எதுவும் இல்லைதான். ஆனால் அந்தத் துறைமுகத்தில் ஒரு ஆள் சம்பளத்துக்குச் சுற்றி வருவது என் கட்டணத்தில்தான், அதனால் கொடுக்க எனக்கு வருத்தமில்லை.

எல்லா இடமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். பேர் வேண்டாம், இதே ஏரியில் ஒரு துறைமுகத்தில் ஆளே கிடையாது. ஒரு மெஷின் மட்டும். அதே கட்டணம். கழிவறைக் கதவைத் திறக்கும் ரகசிய எண் ரசீதில் அச்சாகி வரும், அன்றைக்கு மெஷினில் பேப்பர் தீர்ந்துவிட்டது. போன் போட்டால் வெப்சைட்டைப் பார்க்கச் சொல்லும் ஒரு பதிவுக் குரல். கட்டணம் அதிகமா குறைவா என்று சண்டை போடுகிறவர்கள் இதைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை. பொழுதுபோக்குக்குப் படகு ஓட்டும் எங்களுக்கே கைப்பிடித்து இறக்கிவிட ஆள் உண்டு. என் சித்தப்பா மகன், தூத்துக்குடிக்காரன், கன்டெய்னர் கப்பலில் ஃபிட்டர். அவன் கப்பல் ரோட்டர்டாம் வந்தது, நகரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, மாஸ்ஃப்ளாக்டே என்ற துறைமுகப் பகுதிக்கு. அவனுக்குக் கிடைத்தது சில மணி நேரம். டெர்மினலுக்குள் நடக்கக் கூடாது, வண்டிதான் வர வேண்டும், அந்த வண்டி வரவில்லை. நான் கேட்டுக்கு வெளியே காரில், அவன் உள்ளே கப்பலில், நடுவில் வாட்ஸாப். டூட்டி நேரம் வந்ததும் "சரிண்ணே, அடுத்த தடவை பாப்போம்" என்றான். மாலுமிக்குக் கரை விடுப்பு உண்டு என்று 2006 கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் சொல்கிறது. 2004-ல் துறைமுகப் பாதுகாப்பு விதிகள் வந்த பிறகு கேட்டைத் தாண்டுவதே பெரிய பாடு. ஸ்டெல்லா மாரிஸ், மிஷன் டு சீஃபேரர்ஸ் மாதிரி தேவாலய அமைப்புகள் வேன் அனுப்பி, சிம் கார்டும் வைஃபையும் கொடுக்கின்றனவே, அவை இல்லையென்றால் பல துறைமுகங்களில் இவர்களை ஏன் என்று கேட்க நாதியில்லை. பாதுகாப்பு வேண்டாமா என்று யாராவது கேட்பீர்கள். வேண்டும். ஒரு வேனும் வேண்டும்.

சரி, குரோஷியா. ஜூனிலோ செப்டம்பரிலோ போங்கள், கட்டணமும் குறைவு, இடமும் கிடைக்கும். ஏழு ராத்திரியும் மரீனாவில் கட்ட வேண்டியதில்லை. பல குடாக்களில் கோனோபா என்னும் குடும்ப உணவகங்கள் தங்கள் மிதவையில் கட்டிக்கொள்ள விடும், அங்கே ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டால் போதும். அதற்கென்று சாப்பாடு மலிவாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், மீன் எடைக்கு விலை, முதலிலேயே கேட்டுவிடுங்கள். சில குடாக்களில் அனுமதி பெற்றவர்கள் நடத்தும் மிதவைகள் உண்டு, சாயங்காலம் ரப்பர் படகில் ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு வருவார். ரசீது இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். ஆகஸ்டில்தான் முடியும் என்றால் மதியம் மூன்று மணிக்குள் போய்க் கட்டிவிடுங்கள். வாடகைக்குத் தருபவரிடம் முதல் இரவும் கடைசி இரவும் வாடகையில் அடக்கமா, சுற்றுலா வரி தனியா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களில் யாரிடமும் லைசென்ஸ் இல்லையென்றால் தினச் சம்பளத்துக்கு ஒரு ஸ்கிப்பர், அதாவது படகை ஓட்ட ஒரு ஆள், எடுக்க வேண்டும், அவருக்குப் படகில் ஒரு படுக்கை ஒதுக்க வேண்டும், அவர் சாப்பாடும் உங்கள் கணக்குதான்.